ஒன்பதரை என்று எழுதியவள்

மாதங்கிக்குக் கை நடுங்காது. கல்கத்தாவின் கிழக்கு பைபாஸ் பக்கம் இருக்கும் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். ரத்தம் அடைத்து வரும் சோதனைக் குழாய்களை எத்தனை ஆயிரம் திறந்து மூடியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. புதிதாக வரும் பி.எச்.டி. மாணவர்கள் முதல் மாதம் அவள் பக்கத்தில் நின்று அந்தக் கையைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். "மாதங்கி-தி ஒரு சொட்டு சிந்தமாட்டார்" என்று பெங்காலியில் சொல்லிக்கொள்வார்கள்; 'தி' என்றால் அக்கா. அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று பொய் சொல்வானேன்?

குழாயைப் பிடித்த வரைக்கும் அந்தக் கை தப்பே செய்யவில்லை. பேனாவைப் பிடித்தபோதுதான் வந்தது வினை.

அவள் பிறந்தது கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு அங்கே தலைமை அலுவலகத்தில் உத்தியோகம். மாதங்கி பி.எஸ்ஸி. முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்த வருஷம் அப்பா போய்விட்டார். தம்பி உதய் படிக்கவேண்டும், அம்மாவுக்கு மூட்டுவலி, இவளுக்கு வேலை. கல்யாணப் பேச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது, பிறகு யாரும் எடுக்கவில்லை. அவளும் அதைப் பெரிய துக்கமாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. அம்மாவும் அவளும் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஃபிளாட்டில் குடியேறி, சண்டை போட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பதினெட்டு வருஷம் ஓட்டினார்கள்.

அம்மா போனதும் வீட்டில் தமிழும் போயிற்று. உதய் சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். அவன் பேசுவதில் முக்கால்வாசி இங்கிலீஷ். கூடத்தில் பெங்காலி, பஸ்ஸில் இந்தி. தமிழில் பேச வேண்டுமென்றால் விசில் அடிக்காத குக்கரைத் திட்டினால்தான் உண்டு. இப்படி ஒரு பஞ்சம் ஒருத்திக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். கூடத்துக்கு வரும் ஒவ்வொரு குழாயோடும் ஒரு காகிதம் வரும். மேலே நோயாளியின் வீட்டார் போன் நம்பர், அதன் கீழே முக்கியமாக இரண்டு கட்டம். நோயாளியிடமிருந்து எடுத்த தேதியும் நேரமும் ஒன்றில். கூடத்துக்கு வந்து சேர்ந்தது இன்னொன்றில். இரண்டாவது மாதங்கி எழுதவேண்டியது. முதலாவது வார்டில் எழுதவேண்டியது, எழுதமாட்டார்கள். பாவம், அவர்களுக்கு எத்தனை வேலை! கட்டம் காலியாக இருந்தால் குழாயை நிராகரிக்கவேண்டும் என்பது சட்டம். நிராகரித்தால் மஜ்ஜை எடுக்க அந்த நோயாளியின் இடுப்பெலும்பில் மறுபடி ஊசி இறங்கும்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் மாதங்கி அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். ஆறு வயதுக் குழந்தை ஒன்றின் குழாய் திரும்பிப் போயிற்று. மறுநாள் ஏதோ வேலையாக வார்டுக்குப் போனவள் காதில் அந்தக் குழந்தையின் அலறல் விழுந்தது. அன்றோடு சரி. அதன்பிறகு எந்தக் கட்டம் காலியாக வந்தாலும் அவளே நிரப்பிவிடுவாள். வந்து சேர்ந்த நேரத்துக்கு ஒரு மணி முன்னால், காலை என்றால் பெரும்பாலும் ஒன்பதரை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் செய்யும் புண்ணியம் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு வேறு.

அப்போது அதனால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. அந்த நாளில் பார்த்ததெல்லாம் டி.என்.ஏ. அது பொறுமைசாலி, ஒரு நாள் வெளியே கிடந்தாலும் சொல்லவேண்டியதை மாற்றாமல் சொல்லும். நாலு வருஷத்துக்கு முன்னால்தான் ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. டி.என்.ஏ.விலிருந்து செல் எடுத்துக்கொள்ளும் நகல்தான் ஆர்.என்.ஏ. எடுத்தபடியே அதை உபயோகிக்க முடியாது. நடுவில் வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்து, வேண்டியதை ஒட்டவேண்டும். ஒரு விதமாக வெட்டி ஒட்டினால் ஒரு புரதம், வேறு விதமாக ஒட்டினால் வேறொன்று. லுக்கீமியா என்கிற ரத்தப் புற்றுநோயில் இந்த வெட்டும் ஒட்டும் தாறுமாறாகிவிடுகிறது. எப்படித் தாறுமாறாகிறது என்பதை வைத்து, யாருக்கு மருந்து கேட்கும், யாருக்கு நோய் சீக்கிரம் திரும்பும் என்று முன்னாலேயே சொல்லமுடியுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

கூடத்தின் தலைவி பிரியம்வதா மேடம் முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு விஷயம் சொன்னார். எடுத்த நாலு மணி நேரத்துக்குள் குழாயைப் பதப்படுத்திவிடவேண்டும். வருகிற முடிவை யாரிடமும், நோயாளியின் டாக்டரிடம்கூடச் சொல்லக்கூடாது. "நாம் இன்னும் கேள்விதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதில் கையில் இல்லை" என்றார். மாதங்கி தலையாட்டினாள்.

ஆராய்ச்சி ஆரம்பித்த மூன்றாவது வருஷம், துர்கா பூஜை சப்தமியன்று கிடர்பூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புதிய நோயாளியிடமிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். குழாய்ப் பெட்டியை பைக்கில் கொண்டுவருபவர் முகமது இஸ்மாயில். ஐம்பது வயது, இருபது வருஷமாக இதே வேலை. சப்தமி மாலையில் ஊரே பந்தல் பார்க்கத் தெருவில் இறங்கியிருந்தது. அந்த மனுஷர் எத்தனை சந்து புகுந்து வந்தாலும் கூடத்துக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. பெட்டியைக் காவலாளி அறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அஷ்டமி, காலையில் மாதங்கி மட்டும் கூடத்துக்கு வந்தாள். எங்கோ பூஜைக்கு அடிக்கும் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தாள். ஐஸ் தண்ணீராகியிருந்தது. இஸ்மாயிலுக்குப் போன் செய்தாள்.

"தீதி, நேத்து ராத்திரியே கொண்டுவந்து வெச்சுட்டேன். ரோடு பூரா அடைச்சுட்டாங்க. நான் என்ன செய்ய?" என்றார் அவர்.

"எத்தனை மணிக்கு எடுத்தாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும் தீதி? சீட்டுல எழுதியிருப்பாங்களே."

சீட்டில் எழுதவில்லை. வார்டுக்குப் போன் செய்தாள். முந்தின நாள் இருந்தவர்கள் யாரும் இல்லை. அந்த நோயாளிக்கு ராத்திரியே முதல் மருந்து ஏற்றிவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. மருந்து ஏறியபின் இன்னொரு முறை மஜ்ஜை எடுத்துப் பிரயோஜனமில்லை. நிராகரித்தால் இந்த மனிதர் ஆராய்ச்சியிலிருந்தே போய்விடுவார். பட்ட வலியும் வீண். மாதங்கி குழாயின் மேல் 112 என்று நம்பர் ஒட்டினாள். பேனாவை எடுத்தாள். எடுத்தது: அஷ்டமி, காலை ஒன்பதரை. வந்தது: பத்தரை.

அன்று சாயங்காலமே தரம் பார்க்கும் மெஷினில் போட்டுப் பார்த்தாள். ஆர்.என்.ஏ. சிதையாமல் முழுசாக இருந்தது. நல்ல மார்க். "அப்பாடா" என்று அவளுக்கு உயிர் வந்தது. சாப்பிடாமல் இருந்தவள் அதன்பிறகுதான் டிபன் டப்பாவைத் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் கிடர்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒப்புதல் காகிதங்களை வாங்கிவருவது வழக்கம். மூன்று வாரம் கழித்துப் போனபோது, வராந்தாவில் ஒரு அம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "தயிர் சாதம்கூட இறங்கலைடி மது. நீ கவலைப்படாதே, நான் இருக்கேன்."

மாதங்கி அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் குரல், அந்த இழுப்பு, அச்சு அசல் அம்மா பேசுகிற மாதிரி.

"மாமி, நீங்க தமிழா?"

போனை மூடிவிட்டு அந்த அம்மாள் நிமிர்ந்தாள். "ஆமாம்மா. லேக் மார்க்கெட்ல இருக்கோம். நீ?"

"நானும் அங்கதான் மாமி. யாருக்கு உடம்பு?"

அவ்வளவுதான் கேட்டாள். வாசுகி மாமி, பாங்க் மேனேஜராக இருந்து முன்னதாகவே ரிட்டயரானவள், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். "மூணு வாரமா பெங்காலியிலயும் இங்கிலீஷ்லயும் தைரியமா பேசிண்டிருந்தேன். நீ மாமின்னதும் தாங்கலை" என்றாள்.

அவள் கணவர் சேஷாத்ரி. கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் கம்பெனி ஒன்றில் முப்பத்திநாலு வருஷம். வயது ஐம்பத்தொன்பது. ஒரே மகள் மதுவந்திக்கு ஹைதராபாத்தில் வேலை. ஒப்புதல் காகிதத்தில் அவர் கையெழுத்துக்கு மேலே நம்பர் இருந்தது: 112. மாதங்கிக்கு ஒரு கணம் என்னவோ போலிருந்தது. அப்புறம், நல்லவேளை இவரை நிராகரிக்காமல் விட்டோமே என்று சந்தோஷப்பட்டாள்.

சேஷாத்ரி படுத்த படுக்கையிலும் வாய் ஓயாதவர். "முப்பத்திநாலு வருஷம் பெட்டிக்கெல்லாம் நம்பர் ஒட்டினேன். இப்போ எனக்கே ஒட்டிட்டேளே அம்மா" என்றார். என்ன ஆராய்ச்சி என்று துருவித் துருவிக் கேட்டார். மாதங்கி தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள்.

"ஒரே துணிதான் மாமா. ஒரு டெய்லர் வெட்டினா ப்ளவுஸ், இன்னொருத்தர் வெட்டினா தலகாணி உறை. உங்க ரத்தத்துல டெய்லர் எப்படி வெட்டறார்னு பாக்கறோம்."

"அதான் பாத்தேன். என் டெய்லர் குடிச்சிருக்கான் போலிருக்கு!" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, மாமி முதுகைத் தடவிவிட்டாள்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை தவறாது. ஆஸ்பத்திரி வேலை அரை மணி. மாமாவின் கட்டிலருகே ஒன்றரை மணி. ரசம் கொண்டுபோவாள். அந்த நேரத்தில் மாமி தன் வீட்டுக்குப் போய்வருவாள். "டெய்லர் என்ன சொல்றான்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "இன்னும் வாயைத் திறக்கலை மாமா" என்பாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகள் வேண்டியிருந்தன. நோயாளிக்கு உபகாரம் என்று வெளியே பேர். உள்ளே பார்த்தால் தமிழ் பேசுகிற ஒரு வீட்டில் தன்னை எதிர்பார்க்கிறார்கள் என்கிற ஆசை. இதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் கண் மறைத்துவிட்டது.

முதல் சுற்று மருந்தில் நோய் அடங்கியது. இரண்டாவது சுற்றும் முடிந்தது. ஜனவரியில் கூடத்தின் பட்டியல் வந்தது. நோய் சீக்கிரம் திரும்பக்கூடியவர்கள் சிவப்பு, மற்றவர்கள் பச்சை. மாதங்கி விரல் வைத்துக் கீழே இறங்கினாள். 112 சிவப்பு. சாதாரணச் சிவப்பும் இல்லை. பட்டியலிலேயே மோசமானவற்றில் ஒன்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை "டெய்லர் என்ன சொல்றான்?" என்று அவர் கேட்டபோது, அவள் ரசத்தை ஆற்றிக்கொண்டிருந்தாள். "இன்னும் வரலை மாமா" என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை வாசுகி மாமி அவளுடைய ஃபிளாட்டுக்கு வந்தாள். காபி கொடுத்ததைத் தொடவில்லை.

"மஜ்ஜை ட்ரான்ஸ்ப்ளாண்ட் பண்ணணும்கறார் டாக்டர். மதுவந்திக்குப் பாதி பொருத்தம் இருக்காம். அவ ஹைதராபாத்லேந்து லீவு போட்டுண்டு வந்து நிக்கறா. இவர் வேண்டாம்கறார். ஆத்துக்குப் போலாம், போதும்கறார். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"டாக்டர் என்ன சொல்றார் மாமி?"

"பாதிக்குப் பாதிங்கறார். பண்ணலைன்னா திரும்பிடும்கறார். பண்ணினாலும் ரெண்டு மாசம் தனி ரூம், வாயெல்லாம் புண்ணாயிடும், அதுலயே போயிடலாம்கறார். டாக்டர்னா எல்லார்கிட்டயும் இதைத்தானேடி சொல்லுவா? நீ உள்ள இருக்கறவ. நீ பாத்திருப்பே. எங்கிட்ட மறைக்காதே மாதங்கி."

மேடம் சொன்ன இரண்டாவது விஷயம் அவள் ஞாபகத்துக்கு வந்தது. வராமல் என்ன? ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்று எப்படிச் சொல்வது? வாய் நிறையப் புண்ணோடு கண்ணாடிக்குப் பின்னால் தனியாகச் சாகிற மாமாவை அவள் நினைத்துப் பார்த்தாள். ட்ரான்ஸ்ப்ளாண்ட் பண்ணினாலும் திரும்பத்தான் போகிறது என்றால் அந்தச் சித்திரவதை எதற்கு?

"மாமி, மாமாவைப் படுத்தவேண்டாம்" என்றாள். "ஆத்துக்கு அழைச்சுண்டு போங்கோ."

மாமி ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனாள். மதுவந்தி புதன்கிழமை ஹைதராபாத் திரும்பினாள்.

ஏப்ரலில் நோய் திரும்பியது. பட்டியல் சொன்னது சரிதான் என்று மாதங்கி நினைத்துக்கொண்டாள். சேஷாத்ரி தன் வீட்டில், தன் கட்டிலில், ஜூன் மாதம் முதல் மழை பெய்த மத்தியானம் போனார். கேவ்ராதலா சுடுகாட்டிலிருந்து எல்லோரும் வீடு திரும்பியபின், வாசுகி மாமி மாதங்கியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ சொன்னதாலதான் நிம்மதியா ஆத்துலயே போனார். நீ நன்னா இருப்பே" என்றாள்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மாதங்கி ஆறு மாதம் நன்றாகத் தூங்கினாள்.

டிசம்பரில் ஒரு நாள் மிருதுளா ஓடிவந்தாள். திருப்பூர்ப் பெண், ஆகஸ்டில்தான் கூடத்தில் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி. பட்டியலில் அவளுக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருந்தது. அதனால் தன் ரத்தத்தையே எடுத்து, பாதியை உடனே பதப்படுத்திவிட்டு, மீதியை ஒரு நாள் மேஜைமேல் சும்மா வைத்திருந்து பார்த்திருக்கிறாள்.

"அக்கா, கேளுங்க கூத்தை! எனக்கு லுக்கீமியாவாம்! உடனே பாத்தது பச்சை. மேஜைல கெடந்தது ரத்தச் சிவப்பு!"

மாதங்கியின் கையில் குழாய் இருந்தது. அதை மெதுவாக ஸ்டாண்டில் வைத்தாள். "அதெப்படி? கெட்டுப்போயிருக்கும்."

"அதுதான் இல்லீங்க அக்கா. கெட்டுப்போனா மெஷின் காட்டிக்குடுத்துருமே. மார்க் நல்லா இருக்குது. குழாய்க்குள்ள இருக்கற செல் செத்துப்போகலை பாருங்க, உயிரோடதான் இருக்குது. உடம்புல இருந்து எடுத்தாச்சு, குளிருது, மூச்சு முட்டுது. பயந்துபோய்க் கண்டபடி வெட்டி ஒட்டுது. நாம அதை நோய்னு நெனச்சுக்கறோம். நம்ம பட்டியல்ல பாதிச் சிவப்பு நோயே இல்லை, வெறும் காத்திருப்பு!"

அந்தப் பெண் குதூகலத்தில் மேஜையைத் தட்டினாள்.

"ஆனா ஒண்ணு மட்டும் இடிக்குதுங்க அக்கா. நூத்திப்பன்னெண்டு. அந்த வார்டுல சுலோசனான்னு ஒரு நர்ஸ், கட்டில் பக்கத்துலயே மருந்துக் குழாயில கொஞ்சம் போட்டு வெச்சுருக்காங்க. எடுத்த நிமிஷமே செல்லை நிறுத்திடற மருந்து. இத்தனை நாள் அவங்க வார்டு ஃப்ரீஸர்ல யாரும் தொடாம கெடந்துச்சு. அதை ஓட்டினேன். பச்சை. சுத்தமான பச்சை. ஆனா நாம பதப்படுத்தினது கடுஞ்சிவப்பு. சரி, காத்துக் கெடந்திருக்கும்னு படிவத்தைப் பாத்தா, ஒன்பதரைக்கு எடுத்து பத்தரைக்கு வந்துருக்குது. ஒரு மணி நேரந்தான். இது ஒண்ணே என் கணக்கைக் கவுத்துடும். படிவம் தப்பா இருக்குமோ?"

"இருக்கலாம்" என்றாள் மாதங்கி. பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

யாருக்கும் தெரியாது. அதுதான் அவளைக் கொன்றது. இஸ்மாயில் காகிதத்தைப் பார்த்ததில்லை. வார்டில் யாருக்கும் நினைவிருக்காது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். 112 ஒரு விதிவிலக்காக நிற்கும், மிருதுளாவின் கண்டுபிடிப்பு சந்தேகத்தில் போகும், நாளைக்கு வேறு எவரோ ஒருவருக்குத் தப்பான சிவப்பு விழும். வாசுகி மாமி ஆயுசுக்கும் அவளை வாழ்த்திக்கொண்டிருப்பாள். பதினோரு நாள் அவள் இப்படி மாற்றி மாற்றிப் புழுங்கினாள். பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து, குளித்து, எதுவும் சாப்பிடாமல் மாமி வீட்டுக்கு நடந்தாள்.

"வாடி, வா. வாரத்துக்கு ஒரு தடவையாவது எட்டிப் பாக்கப்படாதா? உப்புமா கிண்டட்டுமா?" என்றாள் மாமி.

"வேண்டாம் மாமி. நீங்க உக்காருங்கோ. நான் சொல்லிமுடிக்கற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்கோ."

சொன்னாள். சப்தமி, இஸ்மாயில், உருகின ஐஸ், காலிக் கட்டம், ஒன்பதரை. பட்டியல், சிவப்பு, அவள் சொன்ன வார்த்தை. மிருதுளாவின் மேஜையில் கிடந்த ரத்தம். ஃப்ரீஸரில் கிடந்த பச்சை. ஒன்றையும் குறைக்கவில்லை. இனி இந்த உண்மை மற்ற நோயாளிகளுக்கு உபயோகப்படும் என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை?

மாமி சுவரில் இருந்த சேஷாத்ரியின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பண்ணியிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"தெரியாது மாமி. யாராலும் சொல்லமுடியாது. டாக்டர் சொன்னதுதான். பாதிக்குப் பாதி."

"பாதி இருந்துது" என்றாள் மாமி. "அவருக்குப் பாதி இருந்துது."

கீழே தெருவில் வாழைப்பூ விற்கிறவன் கூவிக்கொண்டு போனான்.

"டாக்டர் இங்கிலீஷ்ல சொன்னார், நான் நம்பலை. நீ தமிழ்ல சொன்னே, நம்பினேன்" என்றாள் மாமி. "மதுகிட்ட மட்டும் சொல்லிடாதே. குழந்தை கையை நீட்டிண்டு வந்து நின்னா, எடுத்துக்கோன்னு. நான்தான் டிக்கெட் எடுத்துத் திருப்பி அனுப்பினேன்."

மாதங்கி அழவில்லை. அழுதால் மாமி சமாதானம் சொல்லவேண்டிவரும், அது அநியாயம். எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன மணின்னு எழுதினே?"

"அஷ்டமி காலம்பற ஒன்பதரை மாமி."

வாசுகி மாமி ஹாலைத் தாண்டி வாசற்படிக்கு வந்தாள். முகத்தில் கோபம் இருந்தால்கூடத் தேவலை. அது இல்லை.

"அன்னிக்குக் காலம்பற அவர் வாந்தி எடுத்துண்டிருந்தார். ஊசி போட்டது சப்தமி சாயங்காலம். அவர் ஒருக்களிச்சுப் படுத்துண்டு என் கையைப் புடிச்சுண்டிருந்தார். கண்ணை மூடிண்டு, 'வாசு, மணி என்ன, இன்னும் எத்தனை நாழி'ன்னு கேட்டுண்டே இருந்தார். எதிர்லயே பெரிய கடிகாரம். நான் பாத்துப் பாத்துச் சொல்லிண்டிருந்தேன். அந்தச் சிவப்புக் கொழம்பு குழாய்க்குள்ள எறங்கறச்சே நாலு மணி பத்து நிமிஷம். மறக்குமா எனக்கு?"

மாதங்கி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"குழாயோட வந்த காகிதத்துல என் போன் நம்பர் இருந்துதே" என்றாள் மாமி. "ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாமே மாதங்கி."

கதவு சாத்தப்படவில்லை. மாமிதான் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மாதங்கி பிரியம்வதா மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பதினாலு வருஷத்து ஒன்பதரைகளையும் சேர்த்துச் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, இனி அவள் குழாய்களைத் தொடவேண்டாம் என்றார். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. முதலில் 112-இன் படிவத்தைத் திருத்தச் சொன்னார்.

அவள் ஒன்பதரையை ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே சப்தமி, மாலை நாலு பத்து என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. ஓரத்தில், நேரம் யார் சொன்னது என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. இத்தனை வருஷமாக அதை அவள் நிரப்பியதே இல்லை. அதில் 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.